முன்னால் 6071, பின்னால் 6072

வாகனப் பதிவு அலுவலக முற்றத்தில் பத்து வருஷமாக நம்பர் பிளேட் மாட்டுகிறவர் அவர். இதுவரை ஒரு பிளேட்டைக்கூட மாற்றி மாட்டியதில்லை என்பதைக் கேட்டவருக்கும் சொல்வார், கேட்காதவருக்கும் சொல்வார். அந்தப் பெருமைக்கு ஆப்பு வைத்தது அவர் மனைவியின் ஸ்கூட்டர்.

மனைவி லைசென்ஸ் வாங்கியது பெரிய கதை. மூன்று தடவை எட்டுப் போட்டு மூன்று தடவையும் தோற்றாள். தேர்வு எடுத்த அதிகாரி தலையைக்கூட நிமிர்த்தாமல், "கால் கீழ பட்டுடுச்சு. அடுத்த மாசம் வாங்க" என்று அனுப்பிவிடுவார். வீட்டில் அவருக்கு 'எட்டு சார்' என்றே பெயர். நாலாவது தடவை ஒருவழியாகப் பாஸ் போட்டார். நாளைக் காலை ஆறு மணிக்கு அவளுக்கு வேலை தொடங்குகிறது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபில் கொடுக்க வேண்டும். சொந்த வண்டி நம்பரோடு வந்து நின்றால்தான் வேலை என்று லேபில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

நம்பர் கொடுப்பதில் பெரியவர் சின்னவர் கிடையாது. முதல் இரண்டு எழுத்து மாநிலத்துக்கு, அடுத்த இரண்டு எண் ஊருக்கு, அப்புறம் வரிசை எழுத்து, கடைசியில் நாலு எண். கவுண்டரில் முன்னால் நிற்பவருக்கு 6071 என்றால் பின்னால் நிற்பவருக்கு 6072, அவ்வளவுதான். வண்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று பிளேட் ஜோடியாக வரும். பின் பிளேட்டில் போடும் பூட்டு 'டக்'கென்று விழுந்தால் விழுந்ததுதான், வெட்டித்தான் எடுக்க வேண்டும். புதுப் பூட்டு வேண்டுமானால் வண்டிக்குச் சொந்தக்காரரே அலுவலக ஸ்டோரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

மனைவியின் வண்டிக்கு முன் பிளேட்டை மாட்டிவிட்டு நிமிர்ந்தார். அவள் புது ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, வண்டிக் கண்ணாடியில் தன்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் இப்படி ஒரு சிரிப்பை அவர் பார்த்ததில்லை. மனசு நிறைந்துவிட்டது. அவளைப் பார்த்துக்கொண்டே கைக்கு அகப்பட்டதை எடுத்துப் பின்னால் மாட்டினார். டக். மிச்சமிருந்த இரண்டையும் அடுத்த வண்டிக்கு மாட்டினார். டக். அந்த வண்டிக்காரர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அவசரமாகப் பறந்துவிட்டார்.

மூன்றரை மணிக்குப் பர்மிஷன் போட்டுவிட்டு, மனைவியின் பின்னால் மாப்பிள்ளை கணக்காக ஏறி உட்கார்ந்தார். நாலாவது சிக்னலில் போலீஸ்காரர் கை காட்டினார்.

"முன்னாடி 6071, பின்னாடி 6072. ரெண்டு வண்டியை ஒட்டவெச்சு ஓட்டுறீங்களா?"

இறங்கிப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, நான்தாங்க மாட்டினேன்!"

"அந்தப் புண்ணியவான் நீங்கதானா? இன்னொருத்தரும் அரை மணி நேரமா மரத்தடியில நிக்கிறார். கேட்டா, லைசென்ஸ் குடுக்கிற ஆபீசரே அவர்தானாம்!"

மரத்தடியில் முகம் சிவந்து நின்றவர் சாட்சாத் எட்டு சார்.

ஐந்து மணிக்கு ஸ்டோர் மூடிவிடுவார்கள், இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. இன்று பூட்டு கிடைக்காவிட்டால் நாளைக் காலை வேலை போய்விடும். போலீஸ்காரரே தீர்ப்புச் சொன்னார். "புருஷனும் அந்த வண்டியும் இங்கேயே ஈடா இருக்கட்டும். வண்டிக்காரங்க ரெண்டு பேரும் இதுல போய்ப் பூட்டு வாங்கிட்டு வாங்க. வழியில நிக்கிறவங்ககிட்ட நான் சொல்லிடுறேன்."

"நான் ஓட்டுறேன்" என்று கையை நீட்டினார் எட்டு சார்.

"என் வண்டி சார். பாஸ் போட்டதும் நீங்கதானே, பயமா?"

எட்டு சார் பின்னால் ஏறி, கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

பிளேட்காரர் எட்டு சார் வண்டியின் பூட்டைப் பையிலிருந்த கட்டரால் வெட்டிவைத்துவிட்டு, சாலையைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக நின்றார். அவளைத் தேடி வந்த வேலையை நம் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஐந்து அடித்து ஏழு நிமிஷம் ஆகியிருக்கும். தூரத்தில் அந்தப் புது ஹெல்மெட் தெரிந்தது.

கிட்டே வரும்போது எங்கிருந்தோ ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. அவள் பிரேக்கை அளவாகப் பிடித்து, நாயைச் சுற்றி நிதானமாக வளைத்து, கோட்டுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். அவள் கால் இம்மி அசையவில்லை. பின்னால் இருந்தவரோ நாயைக் கண்ட அந்த நொடியிலேயே இரண்டு காலையும் தரையில் ஊன்றித் தேய்த்துக்கொண்டு வந்திருந்தார். ஒரு செருப்பு நடுரோட்டில் கிடந்தது.

அவள் திரும்பினாள்.

"கால் கீழ பட்டுடுச்சு சார். அடுத்த மாசம் வாங்க."

போலீஸ்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். எட்டு சார் நடுரோட்டில் கிடந்த செருப்பைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் வயிறு குலுங்கச் சிரித்து, முஷ்டியில் பத்திரமாக வைத்திருந்த இரண்டு பூட்டுகளையும் நீட்டினார். "மூணு தடவை உங்களைத் திருப்பி அனுப்பினேன்ல, வட்டியோட வாங்கிக்கிட்டேன்மா!"

பிளேட்காரர் ஒவ்வொரு நம்பரையும் மூன்று முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு மாட்டினார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் லேப் வாசலில் நின்றாள். முன்னாலும் 6071, பின்னாலும் 6071. அவரோ இப்போது, பத்து வருஷத்தில் ஒரே ஒரு தப்புதான் செய்திருக்கிறேன் என்பதைக் கேட்டவருக்கும் சொல்கிறார், கேட்காதவருக்கும் சொல்கிறார்.