மூச்சை விட்ட அளவு

சத்தியமாக இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை; தைப்பவர்கள் ஓரத்தில் விடும் அரை அங்குலம்கூட விடாமல், நடந்தது நடந்தபடி.

மாமியாரும் மருமகளும் ஒரே அறையில் எதிரெதிரே இரண்டு தையல் இயந்திரங்களைப் போட்டு, அளவெடுத்து பிரா தைத்துக்கொடுத்தார்கள். மாமியார் வெட்டுவாள், மருமகள் தைப்பாள். கடையில் வாங்கிய எதுவும் சரிவராமல், தோளில் பள்ளமும் முதுகில் தடிப்புமாக வருகிறவர்களுக்கு மாமியார்தான் கதி. பொருந்தாத பிராவைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. பேருந்தில் முன்னால் நிற்கிற முன்பின் தெரியாதவளின் காதில் போய், "உனக்கு ரெண்டு சைஸ் சின்னதும்மா" என்று சொல்லி, இறங்குவதற்குள் விலாசத்தையும் கொடுத்துவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு காலையில் தேநீர் ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்தாள். கடைசியாக உடுத்தி அனுப்பும் வேலை மருமகள் தலையில் விழுந்தது. தேடிப் பார்த்தால், மாமியாருக்கென்று உருப்படியாக ஒரு பிரா வீட்டில் இல்லை. ஊருக்கெல்லாம் தைத்தவள், மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப்போட்டே தன் காலத்தை ஓட்டியிருந்தாள். வாசலில் வண்டி காத்திருந்தது. மேசையில் பல் டாக்டரம்மாவுக்காகத் தைத்து முடித்த ஒன்று கிடந்தது. அது முப்பத்து நான்கு. மாமியார் முப்பத்தெட்டு. மருமகளுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தே பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து, கடைசி வரிசைக் கொக்கியில் மாட்டினாள். இனிமேல் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தாள்.

மூன்றாவது வாரம், பிற்பகல் இரண்டரை மணிக்கு, ஆளில்லாத எதிர் இயந்திரத்தின் மிதி இரண்டு தரம் அசைந்தது. அன்றிலிருந்து அவள் தைத்த எதுவும் அளவில் நிற்கவில்லை. மேசையில் அளந்தால் சரியாக இருக்கும். உடம்பில் ஏறியதும் நான்கு அங்குலம் சுருங்கிவிடும். ஒரு பள்ளி ஆசிரியை பாடத்தின் நடுவே மயங்கி விழுந்தாள். பறிபோனதற்குப் பதிலாக இன்னொன்று தைத்து வாங்கிப்போயிருந்த பல் டாக்டரம்மா நேரிலேயே வந்துவிட்டாள்.

"ஏம்மா, பேஷண்ட் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி நான் திறக்கிறேன். மூச்சே விட முடியல."

"எலாஸ்டிக் புதுசு டாக்டர். போகப்போகத் தளரும்."

"எப்போ, நான் போய்ச் சேர்ந்த பிறகா?"

மருமகளையும் அது விட்டுவைக்கவில்லை. குளிக்கும்போதுகூட மார்புக்குக் கீழே ஒரு பட்டி சுற்றிப் பிடித்தது. கண்ணாடியில் பார்த்தால் வெறும் தோளில் சிவப்பாகப் பள்ளம். நாளுக்கு ஒரு கொக்கியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. இந்த வேகத்தில் போனால் இன்னும் பத்தே நாளில் தன் மூச்சும் நின்றுவிடும் என்று அவளுக்குப் புரிந்தது. கணவனிடம் சொன்னாள். "வாயுவா இருக்கும்" என்றான்.

மறுநாள் இரண்டரைக்கு அவள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு எதிர் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றாள்.

"எழுந்திரிங்க அத்தே. அளவெடுக்கணும்."

நாற்காலி பின்னால் நகர்ந்தது. ஆள் தெரியவில்லை. ஆனால் அவள் சுற்றிப் போட்ட நாடா கீழே விழாமல், குளிர்ந்த எதையோ கட்டிக்கொண்டு நின்றது.

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்." குரல் மட்டும் காதோரம், திணறலோடு.

"தப்புதான் அத்தே. தெரிஞ்சேதான் மாட்டுனேன்."

"எனக்குத் தெரியாதா? முதுகு என்னோடதுதானே. கப் சைஸாவது பார்த்தியாடி?"

"வண்டிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான்."

"அவனுக்கென்ன, கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுவான். போட்டுக்கிட்டு இருக்கிறது நான்."

மூச்சை முழுக்க வெளியே விட்ட நிலையில்தான் மார்புக்குக் கீழ்ச்சுற்று அளவு எடுப்பது அந்த வீட்டு வழக்கம். பழக்கதோஷத்தில் மருமகளின் வாய் அதையே சொன்னது.

"மூச்சை விடுங்க அத்தே."

"இருந்தாத்தானேடி விடுறதுக்கு."

நாடா அவள் விரல்களுக்குள் வழுக்கியது. ஒரு தரம் முப்பது காட்டியது, அடுத்த தரம் ஐம்பது. அளவு பிடிபடவில்லை. பிடிபடாத ஒவ்வொரு தரமும் அவள் விலாவை இன்னொரு கொக்கி இறுக்கியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த இருட்டில் அந்தக் காலை தெரிந்தது. தேநீருக்குக் கை நீட்டியபடி மாமியார் ஒரு மூச்சு விட்டாள், நீளமாக. அப்புறம் உள்ளே இழுக்கவே இல்லை.

"நீங்கதான் ஏற்கெனவே விட்டாச்சே அத்தே" என்றாள், கிடைத்த காற்றில். "அப்ப இதுதான் அளவு. அசையாம நில்லுங்க."

நாடா நின்றது. முப்பத்தெட்டு அல்ல, முப்பத்தேழே கால். உயிரோடு இருக்கும் எவரும் அவ்வளவு முழுசாக மூச்சை விட்டு அவள் பார்த்ததில்லை.

உட்கார்ந்து வெட்டினாள், தைத்தாள். முடித்து நீட்டியதும் கையிலிருந்த கனம் போயிற்று. எதிரே துணி சரசரத்தது. கைகளை மேலே தூக்கிப் பார்க்கும் நேரம், குனிந்து நிமிரும் நேரம், தோள்பட்டிக்கு அடியில் இரண்டு விரல் விட்டுப் பார்க்கும் நேரம். மருமகள் காத்திருந்தாள். பிறகு, அவள் விலாவைச் சுற்றியிருந்தது ஒவ்வொரு கொக்கியாகக் கழன்றது. அறையில் இருந்த காற்று மொத்தத்தையும் உள்ளே இழுத்தாள்.

"இடது பக்கம் கால் அங்குலம் கூடுதல்." இந்தத் தரம் குரலில் திணறல் இல்லை. "பரவாயில்ல, இருந்துட்டுப் போகட்டும். ஆமா, ஒண்ணுதான் தைச்சியா? இதைத் துவைச்சுக் காயப்போட்டா நான் எதைப் போட்டுக்கிறது?"

மருமகள் மறுபடி ஊசியில் நூல் கோத்தாள்.

சத்தியம் செய்த வாயால் இதையும் சொல்லிவிடுகிறேன்: மருமகள் என்று நான் சொன்ன அந்தத் தையற்காரிக்கு இன்றுவரை கல்யாணமே ஆகவில்லை.