புகார் வராத சந்து

கம்ப்யூட்டர் மயிலாப்பூரைத் தெருத் தெருவாக வரைந்து முடிப்பதற்குள் நீரஜாவின் காபி ஆறிவிட்டது. தொண்ணூற்றெட்டில் அவளுடைய குடிநீர் வாரிய அலுவலகத்துக்கு வந்த புது மோகம் அது. குடிநீர்க் குழாயை எங்கே முதலில் மாற்றுவது என்று இனி அந்த வரைபடம்தான் சொல்லுமாம். புகார் குவிந்த தெரு சிவப்பு, வராத தெரு பச்சை. அவள் வீட்டுக்குப் பக்கத்தில் பிரியும் சந்து பசேலென்று இருந்தது.

அவளுக்கு ரவிக்கை தைத்துத் தரும் ஷகீலா அந்தச் சந்தில்தான் இருந்தாள். அங்கே குழாயைத் திறந்தால் சாக்கடை நாற்றம். ஷகீலாவின் மகள் மஹ்விஷ் இரண்டாம் முறையாக மஞ்சள் காமாலையில் படுத்திருந்தாள்.

"கம்ப்ளெயின்ட் குடுக்கப்படாதோ?" என்று ஷகீலாவிடம் கேட்டாள் நீரஜா.

"குடுக்காம இன்னாம்மா? வூட்டு கனெக்‌ஷன் நம்பர் இன்னான்னு கேக்கறாங்க. எங்களுக்கு ஏது நம்பர்? தெருக்கொழாதானே கீது."

மேலதிகாரி கருணாகரனிடம் போய்ச் சொன்னாள். நல்ல மனிதர், நல்லவிதமாகவே கைவிரித்தார். "நம்பர் இல்லாம புரோகிராம் ஏத்துக்காதும்மா. நான் என்ன பண்ணட்டும்?"

அப்போதுதான் நீரஜாவுக்கு அந்த யோசனை வந்தது. சந்தில் வீடு வீடாகக் கேட்டுவந்து, எல்லாப் புகார்களையும் தன் வீட்டு நம்பரிலேயே ஏற்றினாள். யாராவது ஒருவர் வந்து பார்த்தால் போதும், நாற்றமே அவரைச் சந்துக்குள் கூட்டிக்கொண்டு போய்விடும் என்று நினைத்தாள். வந்து பார்க்காமலே வேலை நடக்கத்தான் அந்த வரைபடத்தை வாங்கினார்கள் என்பது அவளுக்குத் தெரியாததா? தெரிந்தும் நம்பினாள், பைத்தியக்காரி. "இந்தத் தடவை நிச்சயம் வந்துடும்" என்று ஷகீலாவிடம் வாக்கு வேறு கொடுத்தாள்.

யாரும் வந்து பார்க்கவில்லை. நேராகக் குழாய்தான் வந்தது.

"நீரஜா, நம்மாத்து வாசல்லதான் மொதல்ல தோண்டிண்டிருக்கா!" என்று அவள் கணவன் அம்பி பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "நீ அந்த ஆபீஸ்ல இருக்கறதுக்கு இன்னிக்குத்தான் ஒரு பிரயோஜனம்."

அவள் அலுவலகத்துக்கு ஓடினாள். கருணாகரன் திரையைக் காட்டினார். அவள் தெரு மட்டும் ரத்தச் சிவப்பாக இருந்தது. "இந்த வட்டாரத்துக்கு ஒதுக்கினது இதோட முடிஞ்சதும்மா. இனி அடுத்த திட்டத்துலதான். அதுக்கும் புகார் இருந்தாத்தான்."

திரும்பி வரும்போது பள்ளம் சந்து முனையைத் தாண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஷகீலா முனையில் நின்றிருந்தாள். நீரஜாவைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொன்னா மாரியே வந்துட்சும்மா! எங்க சந்துக்குள்ள எப்போ திருப்புவாங்கோ? நாளிக்கா?"

நீரஜாவுக்கு அந்தக் கையை விடுவித்துக்கொள்ளத் தெரியவில்லை.

மஹ்விஷ், எலும்பும் தோலுமாக, மண்மேட்டில் கிடந்த புதுக் குழாயின் வாயில் முகத்தை வைத்து "அம்மீ" என்று கூப்பிட்டாள். காலிக் குழாய் முழுக்க ஓடி, அந்தக் குரல் நீரஜாவின் வீட்டு வாசலில் வந்து விழுந்தது.