துண்டுக்கடியில் ஒரு நடுவிரல்

சித்தலிங்கப்பா ஹாவேரிச் சந்தையில் மாட்டுத் தரகர். இருபத்தெட்டு வருஷமாகத் துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே விலை பேசியவர், பெற்ற மகனையும் இரண்டு முறை விசாரித்துத்தான் நம்புவார். அப்பேர்ப்பட்டவரின் வலது நடுவிரல் நுனியில் பட்டாணி அளவு கட்டி. ஹூப்ளியில் டாக்டர் சைலஜா துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பத்து நாளில் முடிவு வந்தது.

"வியர்வைச் சுரப்பியில வர்ற புத்துநோய். லட்சத்துல ஒருத்தருக்குக்கூட வராது. மேல் கணுவோட எடுத்துடணும். அக்குள் நெறிக்கட்டிக்குப் பரவியிருக்கான்னும் பாக்கணும்."

"லட்சத்துல ஒருத்தருக்கும் வராதது எனக்கு மட்டும் எப்படிம்மா வரும்? வலியே இல்லையே!"

"வலிக்கலன்னு எத்தனை வருஷம் விட்டீங்க?"

"மூணு."

"அதான்."

விரலும் கணுவும்தான் விலைக்கணக்கு; அதில் ஒன்று குறைந்தால் துண்டுக்கடியில் எவனும் ஏய்ப்பான், பிழைப்பே போச்சு. வெட்டுவதுதானே இந்த அம்மாவுக்குத் தொழில் என்று சந்தேகம் குடைந்தது.

மறுநாள் தார்வாடில் டாக்டர் இனாம்தாரிடம் போனார். ரிப்போர்ட் பைக்குள்ளேயே கிடந்தது. முதல் ஆள் கேட்ட விலையை அடுத்தவனிடம் சொல்பவன் தரகனா? சைலஜா சதை எடுத்த இடத்தை இனாம்தார் அழுத்திப் பார்த்தார்.

"இந்தத் தழும்பு என்ன?"

"முள்ளு குத்திச்சுங்க."

"அப்ப நீர்க்கட்டி மாதிரிதான் தெரியுது."

வீட்டுக்கு வந்து மீசையை முறுக்கினார். சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்த மனைவி நீலவ்வா நிமிர்ந்தாள்.

"அந்தக் காகிதத்தக் காட்டினீங்களா?"

"காட்டுவேனா? நான் என்ன கிறுக்கனா?"

"பல்லைப் பாக்காம மாட்டுக்கு வயசு சொல்றவனைச் சந்தையில என்ன திட்டு திட்டுவீங்க? அவருகிட்ட வாயைக் கட்டின மாட்டையில்ல காட்டியிருக்கீங்க! யாரை ஏமாத்திட்டு வந்து மீசையை முறுக்குறீங்க?"

சித்தலிங்கப்பா தட்டைத் தள்ளிவைத்தார். பயம் வந்துவிட்டது. விடிந்ததும் மறுபடி தார்வாடுக்கு ஓடினார். காகிதத்தைப் படித்த இனாம்தாரின் முகம் கறுத்தது.

"முள்ளாய்யா குத்திச்சு? அந்தம்மா சொன்னதுதான் சரி. நாளைக் கடத்தாதீங்க."

சைலஜா கணுவோடு எடுத்தார். வெட்டிய விளிம்பு சுத்தம், நெறிக்கட்டியும் சுத்தம் என்று முடிவு வந்தது. அதையும் சித்தலிங்கப்பா மகனிடம் கொடுத்து இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

புண் ஆறியதும் சந்தைக்குப் போனார். துண்டுக்கடியில் எதிர்க்கை இன்னொரு தரகன் மல்லேசனுடையது, அவன் எத்தனுக்கு எத்தன். தடவிக்கொண்டே வந்த கை நடுவிரலில் நின்றது.

"என்னண்ணா, இதுல கொஞ்சம் குறையுதே? மீதியை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"அதைக் குடுத்துத்தான்டா என்னைத் திருப்பி வாங்கிட்டு வந்தேன். இருக்கிறதை முழுசுன்னு நெனச்சுப் பிடி."