கண்ணாடி மங்கிடுச்சு

என் கணவர் மேல் வண்டியை ஏற்றியவன் என் கூடப்பிறந்த அண்ணன். ஏன் ஏற்றினாய் என்று போலீஸ் கேட்டதற்கு அவன் சொன்னது இரண்டே வார்த்தை: "கண்ணாடி மங்கிடுச்சு." எழுதிக்கொண்டவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பனிக்காலம், விடிகாலை, ஹெல்மெட். யாரும் தலையாட்டிவிட்டுப் போகிற பதில்தான். நான் தலையாட்டவில்லை. அந்தக் கண்ணாடியை முதல் நாள் சாயங்காலம் துடைத்துக் கொடுத்தவளே நான்தான்.

பார்சல் டிப்போ கேட்டுக்கு நேர் எதிரே என் கடை. ஹெல்மெட் விற்பேன், வார் மாற்றுவேன், உள்பஞ்சு தைப்பேன். ஆனாலும் டிப்போ ஆட்களுக்கு நான் 'கண்ணாடிக்காரி'. குளிரில் மூச்சு விட்டால் ஹெல்மெட் கண்ணாடி பால் ஊற்றினாற்போல் ஆகிவிடும். திறந்து வைத்து ஓட்டினால் கண்ணில் நீர் கொட்டும், மூடி வைத்தால் குருடு. அதற்கு என்னிடம் வைத்தியம் இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, உள்பக்கம் இரண்டு சொட்டு குழந்தை ஷாம்பு விட்டு விரலால் வட்டமாகத் தேய்த்து, வெள்ளையாகக் காயவிட்டு, பழைய பருத்தித் துணியால் ஒரு கோடு தெரியாமல் துடைக்க வேண்டும். பிறகு உள்ளே மூக்குக்கு மேல் ஒரு ரப்பர் தடுப்பு. மூச்சு மேலே ஏறாமல் கீழே இறங்கிவிடும். நான்கு நாள் தாங்கும். பற்பசை, ஷேவிங் நுரை என்று கண்டதைத் தடவிக்கொண்டு வந்து நிற்பவர்களைத் திட்டித்தான் அனுப்புவேன். பன்னிரண்டு வருடத்தில் என் கை பட்ட கண்ணாடி ஒன்றுகூட மங்கியதில்லை. இதைச் சொல்லும்போது எனக்குத் திமிர் ஏறும். ஏறட்டும்.

ஆக, எனக்கு இருந்தது இரண்டே வழி. கண்ணாடி மங்கியது உண்மை என்றால், என் புருஷனைக் கொன்றது என் கை. பொய் என்றால், அண்ணன் கொலைகாரன். மூன்று நாள் சோறு இறங்காமல் இதையேதான் மென்றுகொண்டிருந்தேன்.

கொலை என்று நினைக்கக் காரணம் இருந்தது. என் கணவர்தான் டிப்போவில் வண்டிகளுக்குப் பாதை பிரித்துக் கொடுப்பவர். அண்ணன் அங்கே பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் பழைய ஆள். தெரு முனையில் நின்றபடியே கடைசி வீட்டு நம்பரைப் படிப்பான் என்று அவனுக்குப் 'பருந்து' என்று பட்டப்பெயர். அந்தப் பருந்தை அவர் திடீரென்று மலைப்பாதையிலிருந்து எடுத்துவிட்டு, பக்கத்துத் தெருக்களுக்குப் போட்டார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "அப்புறம் சொல்றேன்" என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை.

அன்று மத்தியானமே அண்ணன் கையில் ஹெல்மெட்டோடு டிப்போவுக்குள் போய் அதாலேயே அவர் வாயில் அறைந்தான். முன்பல் ஒன்று தெறித்தது. அவரும் சும்மா இருக்கவில்லை, மேஜையில் கிடந்த பூட்டை எடுத்து அவன் காதோரம் போட்டார். இருவரும் பார்சல் மூட்டைகளுக்கு நடுவே கட்டிப் புரண்டார்கள். நான் ஓடிப்போனபோது நான்கு பேர் பிரித்துப் பிடித்திருந்தார்கள். அப்போதும் அண்ணன் திமிறிக்கொண்டு கத்தினான்.

"உன்ன வண்டி ஏத்தியே கொல்றேன்டா மச்சான்!"

டிப்போ முழுக்கக் கேட்டது. கோபத்தில் எவன்தான் என்ன சொல்லமாட்டான் என்று நான் அதை அங்கேயே விட்டுவிட்டேன். சாயங்காலம் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து நீட்டினான். கண்ணாடியில் என் கணவருடைய ரத்தம் காய்ந்திருந்தது. அவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ரத்தத்தைக் கழுவி, ஷாம்பு போட்டு, துடைத்து, மூக்குத் தடுப்பையும் புதிதாக மாட்டிக் கொடுத்தேன். அடித்துக்கொண்டாலும் அண்ணன் அண்ணன்தானே.

மறுநாள் காலை ஆறரை. நான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். என் கணவர் கையில் பட்டியலோடு கேட் ஓரம் நின்றிருந்தார். பனிக்குள்ளிருந்து வண்டி வந்தது. பிரேக் சத்தமே இல்லை. நேராக வந்து அவர் இடுப்பில் மோதி, அவரைத் தூக்கிக் கேட் தூணில் அடித்தது. தலை தூணில் பட்ட சத்தம் ரோட்டைத் தாண்டி எனக்குக் கேட்டது. ஓடிப்போய்த் தூக்கியபோது பின்மண்டை என் உள்ளங்கையில் மெத்தென்று அமுங்கியது. அவர் என்னைப் பார்க்கவில்லை, எதையுமே பார்க்கவில்லை.

பத்தடி தள்ளி விழுந்த அண்ணன் என்ன செய்தான் தெரியுமா? ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மண்டியிட்டுத் தரையைத் துழாவினான். மச்சான் செத்துக் கிடக்கிறார், இவன் எதையோ பொறுக்கிச் சட்டைப்பைக்குள் போட்டான். அப்புறம்தான் தட்டுத்தடுமாறி வந்தான். "கண்ணாடி மங்கிடுச்சு பாப்பா. கண்ணாடி மங்கிடுச்சு."

அவன் எறிந்த ஹெல்மெட்டை நான் எடுத்து வைத்திருந்தேன். உள்ளே மூக்குத் தடுப்பு இல்லை. பிய்த்து எடுத்திருந்தான். மங்கியது என்று கதை கட்டுவதற்காகவே பிய்த்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

மூன்றாம் நாள், சடங்கெல்லாம் முடிந்ததும், என் கொழுந்தன்கள் இருவரும் கடைக்கு வந்தார்கள். மூத்தவன் வெல்டர். இளையவனைக் கடைக்குட்டி என்போம், லாரி ஓட்டுகிறவன். இருவரும் உட்காரவில்லை.

"அண்ணி, ஒரே ஒரு கேள்வி" என்றான் வெல்டர். "நீங்க தொடச்சுக் குடுத்த கண்ணாடி மங்குமா?"

"மங்காது" என்றேன்.

யோசிக்கவே இல்லை. கணவர் போன துக்கத்திலும் அந்தத் திமிர் மட்டும் உயிரோடு இருந்திருக்கிறது. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது போதும்" என்று கடைக்குட்டி திரும்பினான்.

"நில்லுங்க. அவன் என் அண்ணன். மொதல்ல நான் கேக்கறேன்."

"நாலு மணிக்கு வருவோம்" என்றான் வெல்டர். "நீங்க கேட்டு முடிச்சுடுங்க."

சொல்லி அனுப்பியதும் அண்ணன் இரண்டரைக்கே வந்துவிட்டான். தாடியும் அழுக்குச் சட்டையுமாக, பார்க்கவே பரிதாபமாகத்தான் இருந்தான். நான் பரிதாபப்படவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவனைக் கடைக்கோடி மேஜை முன்னால் உட்காரவைத்தேன். கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் ஹெல்மெட்டை அவன் தலையிலேயே மாட்டிக் கண்ணாடியை இறக்கினேன். தாடைக்குக் கீழே கெட்டிலைப் பிடித்தேன். ஆவி உள்ளே ஏறியது.

"சுடுது பாப்பா."

"சுடட்டும். மூச்சு விடு."

கழுத்து சிவந்து கொப்புளித்தது. அவன் எழுந்திருக்கவில்லை. புஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டான். கண்ணாடி பளிங்குபோல் இருந்தது. உள்ளே வியர்த்து வழிகிற அவன் முகம், இமை மயிர்கூட, எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மங்கவில்லை. அப்படியென்றால் இவன் கொன்றிருக்கிறான். அந்த நிமிஷம் எனக்குத் துக்கத்தைவிட நிம்மதிதான் முதலில் வந்தது. வெட்கம்தான், ஆனாலும் சொல்கிறேன். கொன்றது என் கை இல்லை.

நான் கடையின் வாசல் பக்கம் போய் நின்று ஒரு விரலைக் காட்டினேன்.

"எத்தன விரல்?"

அவன் கழுத்தை நீட்டிப் பார்த்தான். "மூணு."

கையை மூடிக் காட்டினேன். "இப்ப?"

"ரெண்டு... ரெண்டுதானே?"

என்னை வைத்து விளையாடுகிறான் என்று தோன்றியது. கண்ணாடி இவ்வளவு தெளிவாக இருக்க, இன்னும் தெரியவில்லை என்று நடிக்கிறான். ஹெல்மெட் போட்ட தலையை அடித்தால் என் கைதான் வலிக்கும். அவன் வலது கை மேஜை மேல் விரிந்து கிடந்தது. அலமாரியிலிருந்து ஒரு கனத்த ஹெல்மெட்டை எடுத்து, இரண்டு கையாலும் ஓங்கி அந்தக் கை மேல் இறக்கினேன். முதல் அடிக்கு அலறினான். இரண்டாவது அடிக்கு எலும்பு நொறுங்கியது என் தோள்வரை தெரிந்தது. மூன்றாவது தேவையே இல்லை. அதையும் அடித்தேன். நாற்காலியோடு சரிந்தான். விழுந்தவனை விலாவில் உதைத்தேன்.

"சொல்லுடா! கண்ணாடி மங்குச்சா?"

"ஒன்னோடது இல்ல பாப்பா!" என்று கதறினான். "ஒன்னோடது மங்கல! நான் சொன்னது அது இல்ல!"

இடது கையைச் சட்டைப்பைக்குள் விட்டு எதையோ எடுத்து நீட்டினான். ஒரு மூக்குக்கண்ணாடி. கம்பி வளைந்து, ஒரு பக்க லென்ஸ் இல்லாமல் இருந்தது.

ரோட்டில் துழாவி எடுத்தது அதைத்தான்.

"ரெண்டு வருஷமா இது இல்லாட்டி எனக்கு எதுவும் தெரியாது. டிப்போல கண்ணு பாக்கும்போது பலகையில இருக்கிற எழுத்த மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சேன். பருந்துன்னு கூப்பிட்டவங்க முன்னாடி எப்படி இதப் போடறது? கேட்டுக்கு வெளியில மட்டும், ஹெல்மெட்டுக்குள்ள வெச்சுதான் போடுவேன். உன் ரப்பர் தடுப்பு இதக் குத்துச்சு, பிய்ச்சுட்டேன். மூச்சு மேல ஏறி இது மங்கிடுச்சு. உன் கண்ணாடி பளிச்சுன்னுதான் இருந்துச்சு. எனக்குத்தான் மச்சான் நிக்கறதே தெரியல."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். கண்டுபிடிச்சுட்டாரு. அதான் மலைப்பாதையிலேருந்து எடுத்தாரு. யார்கிட்டயும் சொல்லமாட்டேன், டாக்டர்கிட்ட போன்னாரு. அந்த ஆத்திரத்துலதான் அடிச்சேன்."

கையிலிருந்த ஹெல்மெட்டைக் கீழே போட்டேன். அவர் வாயைத் திறக்காமல் செத்துப்போயிருக்கிறார், இவனுடைய மானத்துக்காக.

"போலீஸ்ல ஏன்டா இதச் சொல்லல?"

"அவங்களா ஹெல்மெட் கண்ணாடின்னு எழுதிக்கிட்டாங்க. நான் பேசாம இருந்துட்டேன். சொன்னா உள்ள தள்ளிடுவாங்க."

"அப்ப என் கைதான் அவரக் கொன்னுதுன்னு இருக்கட்டும்னு விட்டுட்ட."

அவன் உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். அவனைக் கொல்லலாம் போலவும் இருந்தது, அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்வதற்குள் ஷட்டர் அதிர்ந்தது.

மணி நாலு ஆகவில்லை. ஆனாலும் வந்துவிட்டார்கள். அலறல் வெளியே கேட்டிருக்கும். வெல்டர் கையில் முழ நீள இரும்புக் குழாய். கடைக்குட்டி லாரி ஜாக்கியின் கம்பியை வைத்திருந்தான். நான் குனிந்து வெளியே போய் ஷட்டரை முதுகால் மறைத்து நின்றேன்.

"ஒத்துக்கிட்டானா?"

"அவன் மூக்குக்கண்ணாடி மங்கியிருக்குடா. அவனுக்குக் கண்ணு தெரியாது. மறைச்சு வெச்சிருக்கான். இதோ பாரு." வளைந்த கண்ணாடியைக் காட்டினேன்.

வெல்டர் அதை வாங்கிப் பார்த்தான். காலடியில் போட்டு மிதித்தான்.

"பருந்துக்குக் கண்ணு தெரியாதா? காலைல ஹெல்மெட் கண்ணாடி மங்காது, சாயங்காலம் மூக்குக்கண்ணாடி மங்கிடுச்சு. அண்ணனப் பாத்ததும் மனசு எளகிடுச்சு, இல்ல அண்ணி? வழிய விடுங்க."

"சத்தியமாடா..."

"வழிய விடுங்க!"

கடைக்குட்டி என் தோளைப் பிடித்துத் தள்ளினான். ஷட்டரில் என் தலை இடித்தது. வெல்டர் குனிந்து ஷட்டரின் அடியைப் பிடித்துவிட்டான். இவர்கள் உள்ளே போனால் உள்ளே இருப்பவன் பிணம்தான். உண்மையை இவர்கள் நம்பப்போவதில்லை. நம்புகிற மாதிரி என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"என் கண்ணாடிதான்டா மங்குச்சு!" என்று கத்தினேன். "அன்னிக்கு நான் சரியா காயவிடல. ரத்தத்தக் கழுவுற அவசரத்துல அப்படியே தொடச்சுக் குடுத்துட்டேன். வெட்கமா இருந்துச்சு, உங்ககிட்ட மங்காதுன்னு பொய் சொன்னேன். உங்க அண்ணன நான்தான் கொன்னேன்."

வெல்டர் நிமிர்ந்தான். என் முகத்தையே பார்த்தான். பன்னிரண்டு வருடம் நான் பீற்றிக்கொண்டதை அவனும் கேட்டவன். அதை நானே வாயால் உடைக்கிறேன் என்றால் உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பிவிட்டான்.

"அண்ணி..." என்றான். அவ்வளவுதான் பேசினான். குழாயைக் கீழே போட்டுவிட்டுக் கையால் அறைந்தான், முழு பலத்தோடு. காதுக்குள் ஏதோ கிழிந்தது. விழுந்தவளைக் கடைக்குட்டி காலால் உதைத்தான். அவன் அழுதுகொண்டேதான் உதைத்தான். டிப்போ ஆட்கள் ஓடிவந்து இழுக்கும்வரை உதைத்தான்.

அந்தக் காது இன்றுவரை கேட்கவில்லை. யாரும் என்னிடம் கண்ணாடி கொடுப்பதில்லை. பெரும்பாலானவர்கள் எதிர்ப்பக்கமாகவே போய்விடுகிறார்கள். அதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன், நானாகத் தேடிக்கொண்டது.

பொறுக்க முடியாதது வேறு. ஷட்டருக்கு அந்தப்பக்கம் பத்தடியில் அண்ணன் இருந்தான். நான் கத்தியது, நான் விழுந்தது, உதை விழுந்தது, எல்லாம் அவனுக்குக் கேட்டது. நான்தான் என்று ஒரு வார்த்தை அவன் சொல்லவில்லை. நான் உடைத்தது அவன் கையைத்தான், வாயை இல்லை.