ஸ்டிக்கருக்கு அடியில் ஒரு கோடு

எக்ஸ்ரே பிரிவை ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்கு மாற்றியதில் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். மெஷின் புதுசு, அறை விசாலம், கதவை இழுத்தால் சத்தமே வராது. டெக்னீஷியனாக இருந்த அவளுக்கு மட்டும் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. பழைய கட்டடம் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. புதுசு பதினெட்டு கிலோமீட்டர். காலை ஷிப்ட் ஆறு மணிக்குத் தொடங்கும். முதல் பஸ் கிளம்புவதே ஐந்தே முக்காலுக்கு.

ஸ்கூட்டர் வாங்க வசதியில்லை, லைசென்ஸும் இல்லை. கணவன் கப்பலில் எலெக்ட்ரீஷியன், திரும்பி வர இன்னும் நாலு மாதம். அவன் விட்டுவிட்டுப் போன பழைய இரும்பு சைக்கிளைத்தான் முதல் வாரம் மிதித்துக்கொண்டு போனாள். அது சைக்கிளா, சக்கரம் வைத்த பீரோவா என்று சந்தேகம் வரும். சீக்கிரமே கிளம்பலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நடுவில் ஆற்றுப்பாலம். ரிப்பேர் வேலைக்காக ராத்திரியெல்லாம் மூடிவைத்து, காலை ஐந்துக்குத்தான் திறந்தார்கள். அதற்கப்புறம் பதினைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குள். பாலத்து ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. ஒரு நாள் ஏழு நிமிடம் தாமதம், இன்னொரு நாள் பதினொன்று.

பிரிவுத் தலைவி கெட்டவள் அல்ல. வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ரெண்டு தடவை நான் கண்டுக்கல. மூணாவது தடவை என்னால மறைக்க முடியாதும்மா. உன்னை நிரந்தரம் பண்றதா வேண்டாமான்னு இந்த மாசம்தான் முடிவு பண்றாங்க. திங்கக்கிழமை ஆறுக்கு நீ இங்க நிக்கணும்."

வீட்டில் அவளோடு இருந்தது கணவனின் தங்கை. இருபத்தாறு வயதாகியும் எல்லோரும் அவளை வாலு என்றுதான் கூப்பிட்டார்கள், அவளும் அந்தப் பெயரைக் காப்பாற்றி வந்தாள். சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. அந்தச் சைக்கிள் கம்பெனிக்குச் சொந்தம், வேலை முடிந்ததும் அங்கேயே பூட்டிவிடுவார்கள். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் சண்டை என்று ஒன்றும் கிடையாது, ஒட்டுதல் என்றும் ஒன்றும் கிடையாது. கப்பல்காரன் போன் பண்ணும்போது இரண்டு பேரும் மாறி மாறிப் பேசுவார்கள், அவ்வளவுதான்.

விஷயத்தைக் கேட்டதும் வாலு சொன்னாள்: "ரோடு பைக் ஒண்ணு வாங்கிடுங்க அண்ணி. வளைஞ்ச ஹேண்டில், ஒல்லி டயர். இதே தூரத்தை முக்கால் மணி நேரத்துல போயிடலாம்."

சனிக்கிழமை இரண்டு பேரும் சைக்கிள் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் முதலில் விலையைச் சொல்லவில்லை. அவளைச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்து, இடுப்புக்குக் கீழே டேப் வைத்து அளந்தார்.

"உங்களுக்கு அம்பத்திரண்டு சைஸ் ஃபிரேம். அதுக்கு மேல பெரிசுன்னா சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க, ஒரே மாசத்துல முதுகு போயிடும். டிஸ்க் பிரேக், அது இதுன்னு மின்னுறதைப் பாத்து மயங்காதீங்க. கம்மி விலைல அது வெறும் அலங்காரம். இருபத்தெட்டு எம்.எம். டயர் ஏறுதா, பின்னாடி எட்டு கியராவது இருக்கா, இதைப் பாருங்க போதும்."

இருப்பதிலேயே விலை குறைந்த வண்டியைக் காட்டினார். அலுமினிய ஃபிரேம், எட்டு கியர். அவள் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். கை எட்டியது, கால் எட்டியது, விலை எட்டவில்லை. அவளிடம் இருந்தது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

ஞாயிறு மத்தியானம் வாலு போனை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். யாரோ ஒருவர் விற்கிறார். கார்பன் ஃபிரேம், இரண்டு வருஷப் பழசு, பதினோரு கியர், சைஸ் ஐம்பத்திரண்டு. கேட்ட விலை அவர்கள் கையில் இருந்ததைவிடக் கொஞ்சம்தான் கூட. மீதியைத் தான் போடுவதாக வாலு சொன்னாள்.

"இந்த விலைக்கு எப்படி?"

"அவசரம் போலிருக்கு. நமக்கென்ன அண்ணி, கிளம்புங்க."

அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில் கார்கள் நிற்கும் இடம். டியூப்லைட் ஒன்று விட்டு விட்டு எரிந்தது. விற்பவர் நாற்பது வயதுக்காரர், வாய் நிறையச் சிரிப்பு. வண்டியை வலது கையால் மட்டும் தள்ளிக்கொண்டு வந்தார்.

வண்டி அழகாக இருந்தது. கறுப்பு ஃபிரேம். வாலு ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்து, புருவத்தை உயர்த்தினாள்.

"இன்னொருத்தரும் வந்துட்டே இருக்கார் சிஸ்டர்," என்றார் விற்பவர். "முழுப் பணத்தோட. அரை மணி நேரத்துல வந்துடுவார். நீங்க முதல்ல கேட்டீங்கன்னுதான் காட்டறேன்."

சொல்லி வாய் மூடவில்லை, அவர் போன் அடித்தது. "பாதி வழி வந்துட்டாராம்," என்றார்.

வாலு செயினைச் சுற்றினாள், கியரை மாற்றினாள், பிரேக்கை அழுத்தினாள். எல்லாம் வெண்ணெய் மாதிரி வேலை செய்தது. அண்ணிக்குச் சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் சும்மா நிற்கப் பிடிக்காமல் குனிந்து ஃபிரேமை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். தேய்ந்து மங்கிய வண்டியில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் பளபளவென்று புது ஸ்டிக்கர். ஹேண்டிலுக்குக் கீழே, சாய்ந்து இறங்கும் குழாயின் அடிப்பக்கம், குனிந்தால் ஒழியத் தெரியாத இடத்தில். ஸ்டிக்கரின் ஓரத்திலிருந்து ஒரு முடியளவு கோடு வெளியே எட்டிப் பார்த்தது.

அவள் தலையைச் சாய்த்தாள். விளக்கொளி சரியும் கோணத்தில் கோடு தெரிந்தது, நிமிர்ந்தால் மறைந்தது. தினமும் திரையில் பார்க்கிற சங்கதிதான் இது. நேராகப் பார்த்தால் நல்ல எலும்பு, கொஞ்சம் திருப்பினால் பிளவு.

வாய் வரைக்கும் வார்த்தை வந்தது, வெளியே வரவில்லை. படத்தில் என்ன தெரிந்தாலும் டெக்னீஷியன் முகத்தில் காட்டக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று பல ஆஸ்பத்திரிகளில் பதினோரு வருஷமாகப் பழகிய வாய் அது. ஆனால் அது மட்டுமல்ல காரணம். நாளைக்குத் திங்கட்கிழமை. பெயின்ட் கீறலாக இருக்கக் கூடாதா என்று மனசு பேரம் பேசியது. இந்த வண்டி வேண்டாம் என்றால் வேறு வண்டி எங்கே? அரை நிமிடம் இருக்கும். அதற்குள் வாலு தன் கைப்பையை அண்ணியின் தோளில் மாட்டிவிட்டு சீட்டில் ஏறிவிட்டாள்.

"இங்கேயே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க போதும்," என்றார் விற்பவர் அவசரமாக. "வெளியே டிராஃபிக் ஜாஸ்தி."

"நான் பிழைக்கறதே டிராஃபிக்லதான் சார்," என்றாள் வாலு. சரிவுப் பாதையில் ஏறி வெளிச்சத்துக்குள் போய் மறைந்தாள்.

விற்பவரின் சிரிப்பு மெல்ல வடிந்தது. இடது கையை வலது கையால் தடவிக்கொண்டே சரிவைப் பார்த்தார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

"உங்க மணிக்கட்டு உடைஞ்சு எத்தனை மாசம் ஆச்சு?"

"என்னது?"

"இடது கை முழுசாத் திரும்ப மாட்டேங்குது. நான் எக்ஸ்ரே எடுக்கறவ சார். கையை ஊனி விழுந்தா அங்கதான் உடையும்."

அவர் அந்தக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "மூணு மாசம்," என்றார் பிறகு. "அப்புறம் நானே ஓட்டிப் பாத்தேன். ஒண்ணும் ஆகல."

"எவ்வளவு தூரம் ஓட்டினீங்க?"

அவர் சரிவையே பார்த்தார்.

போனை எடுத்து வாலுவை அழைத்தாள். தோளில் தொங்கிய வாலுவின் பை ஒலித்தது. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு சரிவில் ஓடினாள்.

வெளியே தெரு செங்குத்தாக இறங்கி, கீழே லாரிகள் போகும் மெயின் ரோட்டில் முட்டியது. வாலு தெருவின் மேல்முனை வரைக்கும் ஏறிப்போய்த் திரும்பியிருந்தாள். அண்ணியைப் பார்த்ததும் கையை உயர்த்திக் காட்டிவிட்டு, உடம்பை ஹேண்டில் மேல் படியவைத்து, இறக்கத்தில் வண்டியை விட்டாள்.

அண்ணி தெரு நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள். நின்ற அடுத்த நொடி தப்பு உறைத்தது. இப்படி மறித்தால் வாலு வெடுக்கென்று பிரேக் பிடிப்பாள். பிரேக் பிடித்தால் மொத்தப் பாரமும் முன்னால் வந்து விழும், அந்தக் கோட்டின் மேல். சட்டென்று ஓரத்துக்கு ஒதுங்கினாள். உள்ளங்கையைக் கீழே பார்க்கத் திருப்பி, குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல் காற்றில் மெதுவாகத் தட்டிக் காட்டினாள். மெதுவா, மெதுவா.

வாலுவுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. சக்கரச் சத்தம் நெருங்கியது. வேகம் கொஞ்சம் குறைந்தது. இன்னும் கொஞ்சம். அவளைத் தாண்டிப் போகும்போது, காய்ந்த குச்சியை மிதித்த மாதிரி 'டக்' என்று ஒரு சத்தம். வாலு நிமிர்ந்தாள். வண்டி தள்ளாடியது. ஒரு காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து, மெயின் ரோட்டுக்குப் பத்தடி முன்னால் நின்றாள். அவளுக்கு எதிரே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

அவள் ஓடிப்போய் வாலுவின் கையைப் பிடித்து வண்டியிலிருந்து இறக்கினாள். பிறகு நடைபாதையில் வண்டியைச் சாய்த்து, ஸ்டிக்கரை நகத்தால் உரித்தாள். கோடு குழாயைப் பாதி சுற்றியிருந்தது. கட்டை விரலால் அழுத்தியபோது விளிம்புகள் அசைந்தன. வாலு பாக்கெட்டிலிருந்து நாணயத்தை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். மற்ற இடத்தில் கணீரென்று கேட்டது, அந்த இடத்தில் பொத்தென்று.

"எப்படி அண்ணி கண்டுபிடிச்சீங்க?"

பொய் சொல்ல வசதியான கேள்விதான் அது. அந்தாள் இப்பதான் ஒத்துக்கிட்டான் என்று சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும்.

"நீ ஏறறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்," என்றாள். "பாத்துட்டு சும்மா இருந்தேன். வண்டி வேணும்னு தோணிச்சு."

வாலு அவள் முகத்தையே பார்த்தாள். செருப்பில்லாத கால் வரைக்கும் பார்த்தாள். பாதத்தில் எங்கோ கல் கிழித்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"இன்னிக்கு என்கிட்ட பேசாதீங்க அண்ணி," என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே நடந்தாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது அடித்தளத்தில் இன்னொரு ஆள் நின்றிருந்தார். விற்பவர் சொன்னது பொய்யில்லை. நல்ல கனத்த உடம்புக்காரர், கையில் ஹெல்மெட்டோடு. விற்பவர் அவளைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. அவள் வண்டியைத் தலைகீழாகத் திருப்பி நிறுத்தினாள்.

"இங்க பாருங்க சார். இது உடைஞ்ச வண்டி. ஏறிடாதீங்க."

கனத்த ஆள் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து விற்பவரைப் பார்த்தார். விற்பவர் சிமென்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் சத்தம் போடவில்லை. வாலு மட்டும் போகிற போக்கில், "சார், உங்களுக்குக் கை போச்சு. எனக்கு என்ன போயிருக்கும்?" என்று கேட்டுவிட்டு, மூலையில் கிடந்த செருப்பை எடுத்து வந்து அண்ணியின் முன்னால் போட்டாள்.

மாலை கடை மூடும் நேரத்தில் சைக்கிள் கடைக்கு வந்து நின்றார்கள். கடைக்காரர் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். மஞ்சள் காமாலை வந்த மாதிரி ஒரு நிறம். காலையில்தான் யாரோ இதைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுத்துப் போனார்களாம். ஐம்பத்திரண்டு சைஸ், ஸ்டீல் ஃபிரேம், பின்னால் எட்டு கியர். அவள் கையில் இருந்ததிலேயே அடங்கியது விலை.

"ரெண்டு கிலோ கனம் ஜாஸ்தி. ஆனா ஸ்டீலு, உடையறதுக்கு முன்னாடி வளைஞ்சு காட்டிட்டுத்தான் போகும். ஒரே ஒரு சிக்கல். கியர் கேபிள் அறுந்திருக்கு. இதுக்குத் தோதான கேபிள் செவ்வாய்க்கிழமைதான் வரும். அதுவரைக்கும் ஒரே கியர். எதுல வச்சு இறுக்கட்டும்?"

அவளுக்குத் தெரியவில்லை. திரும்பி வாலுவைப் பார்த்தாள். வாலு கடைக்காரரைப் பார்த்துச் சொன்னாள்: "நாலாவதுல வைங்க. பாலம் ஏறணும்ல."

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு முன்னரே அவள் பாலத்துத் தடுப்புக்கு முன்னால் நின்றாள். தடுப்பை நகர்த்த வேண்டிய ஆள் வாட்சைப் பார்த்துப் பார்த்து, நாலு நிமிடம் தாமதமாகத்தான் நகர்த்தினார். ஏற்றத்தில் தொடை இரண்டும் எரிந்தன. பாதியில் இறங்கிவிடலாமா என்று தோன்றியது. இறங்கவில்லை. சீட்டை விட்டு எழுந்து ஹேண்டிலை இழுத்தபோது, அவளையறியாமல் காது அந்த 'டக்' சத்தத்துக்காகக் காத்திருந்தது. செயின் ஓடுகிற சத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. மறுபக்கம் எதிர்காற்று. தட்டை ரோட்டில் நாலாவது கியர் போதவில்லை, கால் வீணாகச் சுற்றியது. எட்டாவது கிலோமீட்டரில் மணி பார்த்தாள். அதற்கப்புறம் பார்க்கவில்லை. பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஐந்து ஐம்பத்தேழுக்கு எக்ஸ்ரே அறைக் கதவை இழுத்தாள். பிரிவுத் தலைவி அவளைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், முதல் நோயாளியின் சீட்டை நீட்டினாள். ஒரு கிழவர். கீழே விழுந்துவிட்டாராம், இடுப்பு வலி. மிதித்து வந்த களைப்பில் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் அவரைத் திருப்பிப் படுக்கவைத்தாள்.

அந்த வாரம் முழுக்க ஒரு நாள்கூடத் தாமதமாகவில்லை. மாதக் கடைசியில் வேலை நிரந்தரமானது.

அந்த ஞாயிறுக்குப் பிறகு வாலு மூன்று நாள் பேசவில்லை. அண்ணியும் வற்புறுத்தவில்லை. சமையலை முடித்துத் தட்டை மேசையில் வைப்பாள், வாலு சாப்பிட்டுவிட்டுக் கழுவி வைப்பாள். வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள், வாசலில் நின்ற மஞ்சள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"சீட்டு ரெண்டு இஞ்ச் கீழ இருக்கு," என்றாள். "இப்படியே மிதிச்சா முட்டி தேஞ்சிடும். ஏறி உக்காருங்க, பாக்கறேன்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். வாலு ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து அவள் முழங்காலைப் பார்த்தாள்.

"அன்னிக்கு முன்னாடியே பாத்ததை நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது," என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

"தெரியும்."

"இன்னும் கோவம் இருக்கு."

"இருக்கட்டும்."

வாலு ஸ்பேனரை எடுத்து சீட்டுக் கம்பியைத் தளர்த்தினாள். "அசையாம இருங்க," என்றாள்.