முதலாளி போடும் பாதி

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு வீதியால் கொஞ்சத் தூரம் போனால் குகதாசனின் அரிசி மில் வரும். ரூபன் அங்கே பதினொரு வருடமாகக் கொதிகலன் பார்க்கிறவன். உமியை அள்ளிப் போட்டு எரித்து, நீராவி குறையாமலும் கூடாமலும் வைத்திருப்பது அவன் வேலை. எந்தக் குழாய் எப்போது மக்கர் பண்ணும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். ரூபன் ஒரு நாள் வராவிட்டால் மில்லில் நெல் அவியாது என்று மற்றவர்கள் சொல்வது முகத்துதிக்காக அல்ல.

நாடு நொடித்து, பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருடம், இளந்தாரிகள் ஒவ்வொருவராகப் பாஸ்போட் எடுத்துக்கொண்டு வெளிநாட்டுக்குப் புறப்பட்டார்கள். ஒரே மாதத்தில் மில்லில் ஐந்து பேர் குறைந்துபோனார்கள். குகதாசன் மிச்ச வேலையாட்களைக் கூட்டி வைத்து ஒரு திட்டம் சொன்னார். பிள்ளையின் மேற்படிப்புக்கென்று மாதம் மூவாயிரம் ரூபாய் யார் சேர்க்கிறார்களோ, அவர்களுக்கு மில்லும் இன்னொரு மூவாயிரம் போடும். பிள்ளை பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான உயர்தரம் எழுதி முடித்த கையோடு முழுத்தொகையும் வட்டியுடன் பிள்ளைக்கு. அதுவரைக்கும் தாயோ தகப்பனோ மில்லில் வேலை செய்யவேண்டும். இடையில் விட்டுப்போனால் தாங்கள் போட்டது மட்டும்தான் கிடைக்கும், அதுவும் வட்டியில்லாமல்.

ரூபன் அந்தப் படிவத்தை நான்காக மடித்துக் கொண்டுவந்து மனைவி கமலாட்சியிடம் நீட்டினான். நீட்டிய விதத்திலேயே அவனுக்கு அது பிடிக்கவில்லை என்பது தெரிந்தது.

கமலாட்சி வீட்டிலிருந்து தைக்கிறவள். பள்ளிக்கூடச் சீருடை, சட்டை, சீலைக்கு ஓரம் அடிப்பது என்று கையில் எப்போதும் வேலை இருக்கும். சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டிய வருடத்தில் அவள் போருக்குத் தப்பிக் குடும்பத்தோடு இடம் இடமாக ஓடிக்கொண்டிருந்தாள். பிறகு முகாம், பிறகு கலியாணம். பரீட்சை அப்படியே நின்றுபோனது. மகள் ரஜிதா புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து ஆறாம் வகுப்புக்குப் போனபோது, இவளை எங்கேயும் நிற்கவிடுவதில்லை என்று கமலாட்சி தனக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தாள்.

அந்தக் கிழமை முழுக்க அவள் அதே யோசனையாக இருந்தாள். வங்கியில் சிறுவர் கணக்குத் திறக்கலாம். உண்டியல் ஒன்று இலவசமாகத் தருவார்கள், வட்டி என்று சொல்லக் கொஞ்சம் வரும். மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பெடியன் காப்புறுதித் திட்டம் ஒன்றைக் காட்டினான். பட்டத் தொப்பி போட்ட ஒரு குழந்தையின் படம் அதில் இருந்தது. மூன்று தவணை தவறினால் என்ன நடக்கும் என்று கமலாட்சி கேட்டபோது, "அப்பிடி ஏன் அக்கா யோசிக்கிறீங்கள்?" என்றான் அவன். அதோடு அவள் அந்தத் தாளை மூடிவிட்டாள். மில்லின் திட்டம்தான் கண்ணில் நின்றது. கொப்பியின் பின் பக்கத்தில் எத்தனை தரம் கூட்டிப் பார்த்தாலும் அது மற்ற எல்லாவற்றையும்விட இரட்டிப்பாக வந்தது.

"பல்கலைக்கழகம் இலவசம்தானே கமலா" என்றான் ரூபன்.

"படிப்பு இலவசம். உயர்தரத்துக்கு ரியூசன் இலவசமோ? இடம் கிடைச்சு கொழும்புக்கோ பேராதனைக்கோ போனால் தங்கிறது, சாப்பிடுறது ஆர் தாறது?"

"அதுக்கு வங்கியில போடுவம். கொஞ்சமெண்டாலும் எங்கட காசு. நினைச்ச நேரம் எடுக்கலாம்."

"நினைச்ச நேரம் எடுக்கலாம் எண்டதுதான் எனக்குப் பயம். கூரை ஒழுகினால் எடுப்பம். சின்னவன் சஜீவனுக்குக் காய்ச்சல் எண்டால் எடுப்பம். அவள் பதினெட்டு வயசில போய்ப் பாத்தால் உண்டியல்தான் இருக்கும்."

ரூபன் படிவத்தைத் திரும்ப நான்காக மடித்தான். பிறகு சொன்னான்: "அப்பா ஒரு கதை சொல்லுவார். தேயிலைத் தோட்டத்தில தாத்தாவுக்குக் கடன் இல்லையெண்டு துண்டு எழுதிக் குடுத்தால்தான் மற்றத் தோட்டத்துக்குப் போகலாமாம். கங்காணியிட்ட கடன் இருக்கிற வரைக்கும் துண்டு கிடையாதாம். அதெல்லாம் வேண்டாமெண்டுதானே அப்பா காடு வெட்டவெண்டாலும் பரவாயில்லை எண்டு இஞ்ச வந்தவர்."

"இது கடன் இல்லையப்பா. அவர் எங்களுக்குத் தாறார்."

"ஓம். தாறார்தான்" என்றான் ரூபன். அதற்கு மேல் அவன் வாதாடவில்லை. அடுத்தநாள் கமலாட்சியே படிவத்தை நிரப்பினாள். ரூபன் கையெழுத்துப் போட்டான்.

முதல் இரண்டு வருடமும் அவள் செய்தது சரியென்றே பட்டது. தைமாதம் பிறந்தால் மில் கந்தோரிலிருந்து ஒரு தாள் வரும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அதில் இருக்கும். கமலாட்சி அதை அலுமாரியில் சீலைகளுக்கு அடியில் வைப்பாள். ரஜிதா கணிதத்தில் முதலாவதாக வந்தாள். இளையவன் சஜீவனும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினான்.

மூன்றாம் வருடம் ரூபனுக்கு இருமல் பிடித்தது. முதலில் மாரிகாலத்துச் சளி என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். மாரி போயும் இருமல் போகவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்தபடி உறங்கப் பழகினான். மில்லிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்தினால், உடனே உள்ளே வராமல் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மூச்சு ஒரு நிலைக்கு வந்தபிறகுதான் நடப்பான். பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்று அப்படி நிற்கிறான் என்பது கமலாட்சிக்குத் தெரியும். அவள் குசினி யன்னலால் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரித் தேத்தண்ணி ஊற்றுவாள்.

அந்த நேரம்தான் நிரஞ்சன் வந்தான். ரூபனோடு முன்பு மில்லில் நின்றவன், இப்போது முள்ளியவளையில் தண்ணீர் மோட்டார் திருத்தும் கடை வைத்திருக்கிறான். "வா மச்சான், ரெண்டுபேருமாச் செய்வம். எனக்குத் தனியச் சமாளிக்க ஏலாமல் கிடக்கு. சம்பளம் எண்டு பெரிசாத் தர ஏலாது. ஆனால் அந்தப் புகையும் தூசியும் இல்லை" என்றான். ரூபனின் முகம் விரிந்ததைக் கமலாட்சி கண்டாள். அடுத்த கணமே அது சுருங்கியதையும் கண்டாள். அவன் அவளைத்தான் பார்த்தான். போகட்டோ என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. போங்கோ என்று அவளும் சொல்லவில்லை.

விட்டுப்போனால் மில் போட்டதும் வட்டியும் போய்விடும். ஒரு லட்சத்துக்கு மேலே. ஒவ்வொரு மாதமும் அது கூடிக்கொண்டே போனது. முன்பு அது கூடக் கூட அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும். இப்போது மாதம் பிறக்கும்போதெல்லாம், போன மாதமே விட்டிருந்தால் இழப்பு இதைவிடக் குறைவாக இருந்திருக்கும் என்றும், இவ்வளவு சேர்ந்தபிறகு எப்படி விடுவது என்றும் ஒரே மூச்சில் தோன்றியது. மில்லின் கதவு திறந்துதான் கிடந்தது. ஆனால் வெளியே கால் வைக்க இயலாத மாதிரி இருந்தது.

பங்குனியில் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கிளினிக்கில் நின்ற டொக்டர் இளம் பெண். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள். பிறகு ரூபனிடம், "உமித் தூசியும் புகையும்தான் காரணம். மருந்து தாறன். ஆனால் அதே இடத்தில நிண்டால் மருந்து வேலை செய்யாது. வேற வேலைக்கு மாற ஏலுமோ?" என்று கேட்டாள்.

ரூபன் வாய் திறக்கமுன் கமலாட்சி கேட்டாள்: "இன்னும் நாலு வருசம் சமாளிக்கலாமோ டொக்டர்?"

டொக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். ரூபனும் திரும்பிப் பார்த்தான். அவன் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கமலாட்சி தாங்கியிருப்பாள். பஸ்ஸில் வரும்போது ரூபன் யன்னல் பக்கம் இருந்தான். "நாலு வருசம் ஓடிடும்" என்றான், அவளுக்கு ஆறுதல் சொல்வதுபோல. அவள் மடியில் கிடந்த மருந்துப் பையை இறுக்கிப் பிடித்தபடி, நான் என்ன கேட்டுவிட்டேன் என்று ஊர் வந்து சேரும்வரை நினைத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்தநாள் காலை மில் கந்தோருக்குப் போனாள். குகதாசன் அவளைக் கண்டதும் கதிரையைக் காட்டினார். கெட்ட மனிதர் அல்ல. ரூபன் லீவு கேட்டால் ஒருநாளும் மறுக்காதவர். அவள் டொக்டர் சொன்னதைச் சொன்னாள். முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரூபனைப்போல ஒரு ஆள் எனக்குக் கிடைக்க மாட்டான் பிள்ளை. ஆனால் வருத்தக்காரனை நில் எண்டு சொல்ல எனக்கு மனமில்லை. அவன் போகலாம்."

"காசு ஐயா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருத்தருக்குக் கதவைத் திறந்துவிட்டால் நாளைக்கு மற்றவங்களும் வந்து நிப்பாங்கள். அதுக்குத்தானே அந்த நிபந்தனை. நான் ஒளிச்சுப் போடேல்ல. வாசிச்சுத்தானே கையெழுத்து வைச்சனீங்கள்?"

"ஓம் ஐயா. நான்தான் வாசிச்சனான்."

வெளியிலிருந்து நெல் அவியும் வாசம் வந்தது. பிறகு குகதாசன் படிவத்தின் பிரதியைத் தேடி எடுத்து, ஒரு வரியில் விரலை வைத்தார். "தாயோ தகப்பனோ எண்டுதான் கிடக்கு. நீ வந்தால் கணக்கு அப்பிடியே ஓடும். களத்தில நெல் காயவிடுற வேலை இருக்கு. கொதிகலன் பக்கம் நீ போகத் தேவையில்லை. ஆனால் ஒரு மாதம்கூட இடைவெளி விடக்கூடாது. இளையவனுக்கும் ஒண்டு துவங்கிறதெண்டால் இப்பவே துவங்கலாம்." புதுப் படிவம் ஒன்றையும் எடுத்து மேசையில் வைத்தார்.

சஜீவனுக்கு ஏழு வயது. கமலாட்சி மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். அந்தப் படிவத்தைத் தொடாமல், "பிறகு பாப்பம் ஐயா" என்று சொல்லிவிட்டு எழும்பினாள்.

வீட்டில் ரூபன் சத்தம் போட்டான். சத்தம் போட்டதில் இருமல் வந்தது, அதனால் பாதியில் நிறுத்தவேண்டி வந்தது. "என்னை வெளியால எடுத்து உன்னை உள்ளுக்க விடுறதோ? எனக்கு வேண்டாம். தையலை என்ன செய்யப்போறாய்?"

"ஞாயிற்றுக்கிழமையில தைப்பன்."

"வெயிலில நிண்டுபோட்டு வந்து நீ தைப்பாய்?"

"நான் வைச்ச கையெழுத்துக்கு நீங்கள்தான் இருமிக்கொண்டு இருக்கிறீங்கள். இனி நான் நிக்கிறன்."

"வைச்சது நான்" என்றான் ரூபன்.

"வைக்கச் சொன்னது நான்."

அறை வாசலில் ரஜிதா நின்றாள். எப்போது வந்தாள் என்று இருவருக்கும் தெரியவில்லை. "எனக்கு அந்தக் காசு வேண்டாம் அம்மா. ரெண்டு பேரும் விடுங்கோ" என்றாள்.

"நீ போய்ப் படி."

"படிச்சுப்போட்டு நான் சித்தியடையாட்டி?"

கமலாட்சிக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் பட்டது. அப்படி ஒன்றை அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. பதினான்கு வயதுப் பிள்ளை தன் கொப்பியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள், பாரம் ஒன்றைத் தூக்கியிருப்பவள்போல. ரூபன் எழும்பிப்போய் அவள் தலையில் கை வைத்தான். கமலாட்சி குசினிக்குள் போய், அடுப்பில் இல்லாத வேலையை அடுப்பில் தேடிக்கொண்டு நின்றாள்.

சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு ரூபன் நிரஞ்சனின் கடைக்குப் போகத் தொடங்கினான். முள்ளியவளைக்குப் பஸ்ஸில் போய் வருவது களைப்பு. ஆனாலும் ஒன்றரை மாதத்தில் இருமல் பாதியாகக் குறைந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை விட்டான். ஒரு பின்னேரம் சஜீவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஒழுங்கை முழுவதும் ஓடினான். அதைப் பார்த்துக் கமலாட்சிக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

அதே சித்திரையில் மில்லுக்கு அவள் போன முதல் நாள், ஏழு மணிக்கே சீமெந்துக் களம் சுடத் தொடங்கியிருந்தது. அவித்த நெல்லைக் கொட்டி, பலகையால் இழுத்துப் பரவி, அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் காலால் கிளறிவிடவேண்டும். ஏழு பெண்கள் நின்றார்கள். வயதில் மூத்தவள் ஜெகதீஸ்வரி. பழைய சீலைத் துண்டு ஒன்றைக் கமலாட்சியின் தலையிலும் மூக்கிலுமாகச் சுற்றிக் கட்டிவிட்டாள்.

"நீயும் பிள்ளையின்ர திட்டத்திலதானே?"

"ஓம் அக்கா."

"எத்தினை வருசம் இருக்கு?"

"நாலு."

"அதிஷ்டக்காரி. அந்தா நிக்கிறவளுக்கு எட்டு. பிரஷாந்தினிக்குப் பதினொண்டு, அவள் போன மாதம் ரெண்டாவது பிள்ளைக்கும் துவங்கிப்போட்டாள்."

"உங்களுக்கு?"

"எனக்கு ஆவணியோட முடியுது" என்றாள் ஜெகதீஸ்வரி. "மகன் அப்ப உயர்தரம் எழுதி முடிச்சிடுவான். அவன் கனடா போகப்போறானாம். படிக்க இல்லை, உழைக்க. காசை ஏஜென்சிக்குக் கட்டப்போறன் எண்டு நிக்கிறான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அது சிரிப்புத்தானா என்று, அவளும் முகத்தில் கட்டியிருந்த சீலைத் துண்டுக்கு மேலால் தெரிந்த கண்களை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

மேற்பார்வைக்காரன் விசில் ஊதினான். பெண்கள் வரிசையாக நின்று நெல்லுக்குள் காலை வைத்தார்கள். கமலாட்சியும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். சூடு உள்ளங்காலில் ஏறியது. முதல் வரிசையைக் கிளறி முடித்துத் திரும்பியபோது, அவள் கிளறிய இடத்தில் மட்டும் கோடு வளைந்து கிடந்தது. ஜெகதீஸ்வரி அதைப் பார்த்து, "நேரா வா பிள்ளை, அவசரப்படாதை. நேரம் கிடக்கு" என்றாள்.