அதே இடத்தில் ஒரு தடுமாற்றம்

என்னுடையது காது வேலை. வாடிக்கையாளர்களோடு எங்கள் ஆட்கள் பேசிய அழைப்புகளின் பதிவைக் கேட்டு, யார் எங்கே எரிந்து விழுந்தார், யார் எங்கே மழுப்பினார் என்று குறிப்பதற்குத்தான் சம்பளம். அப்பேர்ப்பட்டவளின் காதிலேயே பூச்சுற்றப் பார்த்தார் என் வீட்டுக்காரர்.

அவர் இசைப் பள்ளியில் கிட்டார் ஆசிரியர். வீடு திரும்பியதும் ஒரு பயிற்சிப் பாடத்தை எடுத்து உட்காருவார். வலக்கை விரல்கள் முறைவைத்து ஓட வேண்டும். அதற்குள்ளேயே மேல் தந்தியின் மெட்டு தனியாகப் பாட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கே பாதி மனப்பாடம். அப்போதெல்லாம் அவர் அறைக் கதவு திறந்தே கிடக்கும். கொஞ்ச நாளாகத் தாழ்ப்பாள்.

"எதுக்குங்க தாழ்ப்பாள்?"

"கவனம் சிதறுது."

இத்தனை வருஷம் சிதறாத கவனம்! எனக்கு மூக்கில் வியர்த்தது.

அடுத்து நகம். தந்தியை மீட்டுவதற்கென்று வலக்கையில் மட்டும் நகம் வளர்த்து, அரத்தால் தேய்த்து மெருகேற்றி வைத்திருப்பவர். அது உடைந்துவிடுமே என்று ஒரு டப்பா மூடியைக்கூடத் திறந்து தந்ததில்லை. அந்த நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். கேட்டால், "சும்மா" என்றார். எவளுக்குப் பிடிக்கவில்லையாம்?

பிறகுதான் அந்தத் தடுமாற்றத்தைக் கவனித்தேன். இரண்டாம் வரியின் முடிவில் ஒரு சுரம் நழுவும், பின்னாலேயே ஒரு பெருமூச்சு. மறுநாளும் அதே சுரம், அதே பெருமூச்சு. மனிதன் தவறுவான், ஆனால் பெருமூச்சைக்கூட ஒரே அளவில் விடமாட்டான். உள்ளே ஓடுவது பதிவு. அதை ஓடவிட்டு எவளோடோ குசுகுசுக்கிறார்.

பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். உண்மை தெரிந்ததும் கிளம்பிவிடுவது என்ற முடிவோடு, ஒரு கையில் காலிப் பெட்டியும் மறு கையால் கதவில் இடியுமாக நின்றேன். தாழ்ப்பாள் விலகியது.

"யாரு அவ?"

"எவ?"

அறையில் வேறு யாருமில்லை. போன் தன்பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. அவர் மார்போடு கிட்டாரை அணைத்திருந்தார். தந்திமேல் இருந்த வலக்கையில் நடுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கைக்குள் சுருண்டு கிடந்தன.

"தந்தியைத் தொட்டா ரெண்டும் தானா மடங்கிடுது. டம்ளர் பிடிச்சா ஒண்ணுமில்ல. நகம் உள்ளங்கையைக் கீறுதுன்னுதான் வெட்டிட்டேன்."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன். முதல்லேர்ந்து பழகணுமாம், ஒத்த விரலால, மெதுவா. சரியாகலாம், ஆகாமலும் போகலாம்." போனைக் காட்டினார். "அந்தத் தட்டுத்தடுமாறல் உன் காதுல விழக் கூடாதுன்னுதான், விரல் நல்லா இருந்தப்போ, எங்க தப்புறேன்னு கேட்டுப் பார்க்கப் பதிஞ்சு வச்சதைப் போட்டேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின.

"இதுக்கா இந்த நாடகம்? நான் பெட்டியையே இறக்கிட்டேன்!"

"எங்க போறதா இருந்த?"

"அதை இன்னும் யோசிக்கல."

போனை அணைத்தேன். பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன்.

"வாசிங்க."

சுருண்ட மோதிரவிரலை மெல்ல நீட்டித் தந்தியில் வைத்தார். முதல் சுரம் கரகரத்தது. அடுத்தது எழும்பவேயில்லை. மறுபடி தொடங்கினார், இந்த முறை வேறோர் இடத்தில் தவறினார். அதற்கடுத்த முறை இன்னோர் இடத்தில்.

கண்ணை மூடிக் கேட்டேன். சந்தேகமேயில்லை, வாசிப்பது அவர்தான்.